என் மில்லிங் மெஷினுக்கு மோட்டார் வைத்த கதை

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியின் டூல் ரூம் பையன்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பையன்கள் என்று நான்தான் சொல்கிறேன். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒருவன் பேரனுக்கு மொட்டையடித்த படம் போட்டிருந்தான். வழக்கமாக அதில் பூப்படமும் காலை வணக்கமும்தான் வரும். போன மாதம் ஒருவன், "சேது அண்ணன் ஊர்ல வீட்டுக்குள்ளயே மில்லிங் மெஷின சி.என்.சி. ஆக்கிட்டாராம், எப்படின்னு எழுதச் சொல்லுங்க" என்று கிளப்பிவிட்டான். அதிலிருந்து விடவில்லை. என்ன மோட்டார், எந்த போர்டு, எங்கே வாங்கினது என்று ஆளாளுக்குக் கேள்வி. மோட்டார் விவரத்தைக் கடைக்காரனே சொல்லுவான். நான் பட்ட பாட்டைக் கடைக்காரன் சொல்ல மாட்டான் என்பதால் அதை எழுதுகிறேன்.

நம் தொழில் தெரியாதவர்கள் வீட்டில் இதை எடுத்துப் படித்தால் முழிக்கக் கூடாது. மில்லிங் மெஷினில் சுழலும் கட்டருக்குக் கீழே ஒரு மேஜை இருக்கும். உலோகத்தை அதில் இறுக்கிக் கட்டி, கைச்சக்கரங்களைச் சுற்றி மேஜையை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்த்தினால், கட்டர் உலோகத்தைச் சீவிக்கொண்டு போகும். இடம் வலம் போவதற்கு எக்ஸ் என்றும் முன் பின் போவதற்கு ஒய் என்றும் பேர். கைச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டார் வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மேஜையை ஓட்டுவதுதான் சி.என்.சி.

எனக்கு அது எதற்கு என்றால், என் வலது கை நடுங்குகிறது. ஓய்வு பெற்ற மறு வருஷம் ஆரம்பித்தது. மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, "இது போகாது, மாத்திரை போட்டா கொஞ்சம் மட்டுப்படும்" என்றார். மட்டுப்பட்டதும் உண்மை, போகாததும் உண்மை. டீ தம்ளரை இடது கையால் பிடித்துப் பழகிவிட்டேன். ஆனால் கைச்சக்கரத்தில் உள்ள அளவுக் கோட்டில் சரியாக நிறுத்துவதற்கு இடது கை எனக்கு உதவவில்லை. கோடு வரும், நிறுத்த நினைப்பேன், வலது கை ஒரு ஆட்டம் ஆடி கோட்டைத் தாண்டிவிடும். ஒரு மில்லருக்கு அது போனால் வேறு என்ன இருக்கிறது?

என் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைகிற கிராமம். அய்யாவுக்கு என்னை வயலில் இறக்க ஆசை. எனக்குக் கோயம்புத்தூர் போக ஆசை. ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சியாளாகச் சேர்ந்து, முதல் வருஷம் முழுக்க அரம் பிடித்து ராவினேன். எல்லாப் பயிற்சியாளும் ராவியதைத்தான் நானும் ராவினேன், விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு என்னை மில்லிங் மெஷினில் விட்டார்கள். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் நஞ்சப்பன்.

நஞ்சப்ப மேஸ்திரி பேசுவதற்கு முன் மெஷினைத் துடைப்பார். நாம் என்ன அவசரத்தில் இருந்தாலும் சரி, அவர் வேஸ்ட் துணியை எடுத்து மேஜையைத் துடைத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கோபமா, நல்ல செய்தியா என்று முகத்தில் தெரியாது. துடைக்கிற வேகத்தில்தான் தெரியும். வேகமாகத் துடைத்தால் நமக்கு நேரம் சரியில்லை.

வேலை தொடங்கும் முறையை அவர் வாயால் சொல்லித் தந்ததில்லை, செய்து காட்டுவார். வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் இரண்டு தாடையையும் வெறும் உள்ளங்கையால் துடைக்க வேண்டும். ஒரு சின்ன சுருள் ஒட்டியிருந்தாலும் துணிக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகு சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தில் ஒரு கீற்றைக் கிழித்து, எண்ணெயில் தொட்டு, வேலைத்துண்டின் பக்கவாட்டில் ஒட்டுவார். கட்டரைச் சுழலவிட்டு மேஜையை மெதுவாக அதன் பக்கம் கொண்டுபோவார். எந்த நொடியில் கட்டர் காகிதத்தை இழுத்துக்கொண்டு போகிறதோ அந்த இடம்தான் பூஜ்யம். அதற்குப் பிறகு கோட்டுக்கு எப்போதும் ஒரே பக்கமிருந்துதான் வர வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும். மேஜையை நகர்த்துவது ஒரு மறைக்கம்பி, மறை என்று இருந்தால் அதில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கத்தான் செய்யும். கடைசியாகப் பூட்டு. எக்ஸில் வெட்டும்போது ஒய் நகரக் கூடாது. அதற்கென்று பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு, அதை இறுக்கினால் அந்தப் பக்கம் மேஜை அசையாது. வெட்டி முடித்ததும் தளர்த்த வேண்டும்.

ஒரு தடவை இதில்தான் மாட்டினேன். பெரிய பம்பு ஒன்றின் உடலை வார்ப்பதற்கான டை, அதாவது இரும்பு அச்சு. எனக்கு முன்னால் பலர் வேலை செய்து முடித்து, கடைசி வெட்டுக்கு என்னிடம் வந்தது. ஒய் பூட்டைப் போட மறந்தேன். பாதி வழியில் கட்டர் மேஜையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. டையின் நடுவில் விரல் போகிற அளவுக்குப் பள்ளம். மெஷினை நிறுத்திவிட்டு நின்றேன்.

மேஸ்திரி வந்தார். மேஜையைத் துடைத்தார், ரொம்ப மெதுவாக. பள்ளத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"எந்தப் பூட்டு?"

"ஒய்ங்க."

"செரி" என்று சொல்லிவிட்டு மேலே மேனேஜர் அறைக்குப் போனார். என்னைக் கூப்பிட்டுக் கிழிப்பார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. 'என்ர கண்ணு முன்னால நடந்ததுங்க, நாஞ்செஞ்ச மாதிரிதான்' என்று அவர் சொல்லிவிட்டு வந்ததைப் பின்னால் கேள்விப்பட்டேன்.

பள்ளத்தை வெல்டு வைத்து நிரப்பி, அதே டையை என்னிடமே கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தண்டனை. நான் ஒவ்வொரு வெட்டு தொடங்கும்போதும் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பூட்டு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். என் கை அந்தக் கைப்பிடிக்குப் போகிற வரை நிற்பார், போனதும் நகர்ந்துவிடுவார். வாரக்கணக்கில் இது நடந்தது. எனக்கு எரிச்சல் தாங்காமல் ஒருநாள், "இப்பத்தான் மறக்குறதில்லையே மேஸ்திரி" என்று கேட்டேன்.

"நீ நெனச்சு நெனச்சுப் போடுற கண்ணு. நெனப்பு ஒரு நாளு இல்லாமப் போயிரும். கை அதும்பாட்டுக்குப் போகோணும்."

பிறகு எப்போதோ அவர் வந்து நிற்பதை விட்டுவிட்டார். என் கை அதன்பாட்டுக்குப் போகத் தொடங்கியதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் என் மேஜையில் இன்னொரு டை வீணாகவில்லை. அந்த மனுஷனுக்கு நான் பட்ட கடன் கொஞ்சமில்லை.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் கம்பெனிக்குள் சி.என்.சி. வந்தது. கண்ணாடிக் கூண்டு, ஏ.சி., செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இளவட்டங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என்னைப் போன்றவர்களை அனுப்பவில்லை. ஒன்றிரண்டு ரிப்பேர் சாமான் செய்வதற்குப் பழைய மெஷினில் உட்காரவைத்தார்கள். உட்காரவைத்தார்கள் என்று எழுதும்போது இப்போதும் கொஞ்சம் உறைக்கிறது. அந்தக் கூண்டை நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஓய்வுக்குப் பிறகு உச்சிப்புளியில் மனைவியின் ஊரில் வீடு கட்டினோம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டேன். மதுரையில் மூடப்போன ஒரு பட்டறையிலிருந்து மேஜை மேல் வைக்கிற சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி அதில் வைத்தேன். கடல் காற்றுக்கு இரும்பு ஒரு ராத்திரியில் சிவந்துவிடும் ஊர் இது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் மெஷினுக்கு எண்ணெய் போடுவேன். என் மனைவி பாண்டியம்மாள், "எனக்குக்கூட நீங்க இம்புட்டு எண்ணெ தேச்சு விட்டதில்ல" என்பாள். படகுக்காரர்கள், தண்ணீர் மோட்டார்காரர்கள் என்று சின்னச் சின்ன வேலை வந்துகொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தேன். அப்போதுதான் கை ஆட ஆரம்பித்தது.

கடைசியாகக் கையால் செய்த வேலை ஒரு சாதாரண சாவிக்காடி, சக்கரம் தண்டில் வழுக்காமல் இருக்கச் சாவி செருகுகிற பள்ளம். பயிற்சியாள் செய்கிற வேலை. கோட்டைத் தாண்டித் தாண்டி, அந்தத் துண்டு தேய்ந்து போகிற வரைக்கும் வெட்டிவிட்டு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டேன். மதுரை வியாபாரி ஒருவர் மெஷினை எடுத்துக்கொள்வதாக ஏற்கெனவே கேட்டிருந்தார். பாண்டியம்மாள் அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். "வித்துருவோம்ங்க. தினமும் அது முன்னால போய் நின்னுட்டு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரீக, என்னால பாக்க முடியல" என்றாள். நான், "ஒரே ஒரு வழி இருக்கு, அதையும் பாத்துருவோம். அது சரிவரலைன்னா நானே வண்டியில ஏத்தி விடுறேன்" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒப்பந்தம் அப்படித்தான் ஆனது.

அந்த வழிதான் மோட்டார். இரும்பு வேலை எனக்குத் தெரியும், கரண்டு வேலை தெரியாது. மண்டபம் அகதி முகாமில் குலேந்திரன் என்று ஒருவர் இருக்கிறார். மன்னார்க்காரர், சின்ன வயதில் குடும்பத்தோடு படகேறி வந்தவர். இன்வெர்ட்டர், மோட்டார், டி.வி. எது கெட்டாலும் இந்தப் பக்கம் அவரைத்தான் தேடுவார்கள். என் வீட்டு இன்வெர்ட்டரைச் சரிசெய்ய வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொட்டகைக்குள் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் இதுவரைக்கும் செய்ததில்லை அண்ணை. ஆனா செய்யேலாது எண்டு இல்லை. படிச்சுப் பாத்துச் செய்வம்" என்றார்.

இரண்டு பேரும் செய்தோம். பழைய மறைக்கம்பிகளை எடுத்துவிட்டு, உள்ளே எஃகுக் குண்டுகள் உருளுகிற பால் ஸ்க்ரூ போட்டேன். இதில் தளர்ச்சி கிட்டத்தட்ட இல்லை. மோட்டாரைத் தாங்குகிற தட்டுகளை இடது கையால் அரம் பிடித்தே ராவினேன், முதல் வருஷப் பயிற்சி அங்கே வந்து கைகொடுத்தது. குலேந்திரன் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சரிபண்ணி, மோட்டார்களை ஓட்டுகிற பெட்டியோடு இணைத்தார். அவர் இடம் மெஷினுக்குப் பின்னால், பெட்டியின் பக்கம். என் இடம் முன்னால். முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாள் தவிர ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துவிடுவார்.

முதலில் கட்டருக்குப் பதிலாக ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கட்டி, காகிதத்தில் வட்டம் போடச் சொன்னோம். ஒரு முட்டை வந்தது. பாண்டியம்மாள் எட்டிப் பார்த்து, "முட்டையா போடுது? நல்லதாப் போச்சு, பொரிச்சுருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குலேந்திரன் ஏதோ ஒரு எண்ணை மாற்றினார். அடுத்தது வட்டம். கவராயம் வைத்துப் பார்த்தோம், அச்சு அசலான வட்டம். ஒரே வட்டத்தின் மேல் மறுபடி மறுபடி போடச் சொன்னோம், கோடு தடிக்கவே இல்லை. என் கை இனி ஆடினால் ஆடட்டும் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் பாம்பனிலிருந்து சூசை வந்தார். விசைப்படகு வைத்திருப்பவர். எஞ்சினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரை இழுக்கிற பம்பு ஒன்று உண்டு. அதற்குள் ரப்பர் இதழ்கள் சுற்றும். இதழ்களை ஒரு பக்கம் அமுக்கிவிடுவதற்குப் பிறை வடிவத்தில் ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். உப்பு அதை அரித்துத் தின்றிருந்தது. பழைய வெளிநாட்டு எஞ்சின், சாமான் வருவதில்லை. வெல்டு வைத்துப் பார்த்திருக்கிறார், நிற்கவில்லை.

"தடைக்காலம் முடியறதுக்குள்ள வேணும்ணே. கடல்ல போயி எஞ்சின் சூடாகி நின்னுச்சுன்னா, கயித்தப் போட்டு இழுத்துட்டு வர இன்னொருத்தன் காலப் பிடிக்கணும்."

நான் தோள்துண்டால் மூடிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டே, "செஞ்சிரலாம்" என்றேன். வேலை கொடுக்க வருகிறவர்கள் முன்னால் அந்தக் கையை நான் வெளியே எடுப்பதில்லை. ஆடுகிற கைக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

பழைய படகு ப்ரொப்பெல்லர் ஒன்றின் வெண்கலத்தை வாங்கினேன், மூன்று துண்டுக்கு வந்தது. முதல் துண்டைக் கட்டி, காகிதம் ஒட்டி, பூஜ்யம் பார்த்து, ஓட விட்டோம். பேனா போட்ட அதே வளைவுதான். வெட்டி முடித்துப் பார்த்தால் பிறையின் ஒரு முனை தடித்து, மறு முனை மெலிந்து கிடந்தது. பம்புக்குள் வைத்தால் உட்காரவே இல்லை.

அன்றைக்குத் தொடங்கியது வினை. மறுபடி பேனாவைக் கட்டினால் சரியாகப் போடுகிறது. கட்டரைக் கட்டினால் பிசகுகிறது. அதுவும் ஒரே அளவுக்குப் பிசகினால் காரணம் கண்டுபிடிக்கலாம். சோதனைக்கு மரத்துண்டை வெட்டினால் ஒரு நாள் தலைமுடி அளவு, ஒரு நாள் நகக்கண் அளவு. இந்த மோட்டார்களுக்கு ஒரு குணம் உண்டு. கம்ப்யூட்டர் இவ்வளவு சுற்று என்று சொல்லும், அவ்வளவுதான். சுற்றியதா, முடியாமல் வழியில் திணறியதா என்று அது திரும்பிக் கேட்காது. எங்கேயோ திணறுகிறது என்பது புரிந்தது. எங்கே என்று புரியவில்லை.

"கட்டர் மோட்டாரின்ர கரண்டு வயருக்குள்ள குழப்புது போல" என்று குலேந்திரன் எல்லா வயரையும் உருவி, உறை போட்ட புது வயர் போட்டார். பிசகியது. மின் அழுத்தம் குறைகிறது என்று தனி வழி போட்டார். பிசகியது. உப்புக் காற்று என்று ஒவ்வொரு முனையையும் சுரண்டி கிரீஸ் பூசினார். இரண்டாவது துண்டை ஏற்றினோம். சரியாக வந்தால் எங்கள் குழுவில் போடலாம் என்று பாண்டியம்மாள் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டும் வீண். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இரும்புல கோளாறு இல்ல தம்பி. அது நான் பாத்துக் கட்டுனது. உங்க வயர்லதான் ஏதோ இருக்கு" என்றேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பையில் வைத்துக்கொண்டு, பாண்டியம்மாளிடம் மட்டும் "போயிட்டு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பாண்டியம்மாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை, வியாபாரியின் நம்பரை எடுக்கவும் இல்லை. கொட்டகையைப் பூட்டி வைத்தேன். எண்ணெய் போட மட்டும் திறந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குலேந்திரன் தானாகவே வந்து நின்றார். "அந்த வீடியோவைத் தாங்கோ அக்கா. மோட்டார் எந்த இடத்தில திணறுது எண்டு சத்தத்தில கேக்கலாம்" என்று வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அதை அவ்வளவு நாளும் நான் போட்டுப் பார்க்கவில்லை, குழுவுக்கும் அனுப்பவில்லை. என் கை ஆடுவதை நானே படமாகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அவர் காதோரம் வைத்துக் கேட்டார். பிறகு கண்ணுக்கு நேரே பிடித்தார். திருப்பிப் போட்டார்.

"அண்ணை, ஒருக்கா இஞ்ச வாங்கோ. இந்தக் கைப்பிடிய என்னத்துக்கு இறுக்கிறியள்?"

"எந்தக் கைப்பிடிய?"

"உங்களுக்குத் தெரியாதோ? பாருங்கோ."

பார்த்தேன். திரையில் என் கை காகிதத்தை எடுக்கிறது. கம்ப்யூட்டர் பக்கம் நான் தலையைத் திருப்பி "போடலாம் தம்பி" என்கிறேன். அதே நேரத்தில், நான் பார்க்காமல், அந்தக் கை ஆடி ஆடி வலப்பக்கம் போய், ஒய் பூட்டின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து இறுக்கிவிட்டுத் திரும்புகிறது. வெட்டி முடிந்ததும் மறுபடி போய்த் தளர்த்துகிறது. எந்தக் கோயிலில் கேட்டிருந்தாலும் நான் அதைத் தொடவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

ஒய் மோட்டார் மேஜையை நகர்த்தப் பார்க்கிறது, ஒய்யை நான் பூட்டி வைத்திருக்கிறேன். பேனா கட்டியபோது வெட்டு இல்லை, அதனால் கை போகவில்லை. கட்டரும் காகிதமும் வந்தால் போகிறது. கம்பெனியின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மெஷின்களில் இந்தக் கைப்பிடியே கிடையாது என்று பையன்கள் பிறகு சொன்னார்கள். பழைய மெஷினுக்கு மோட்டார் வைத்தவனுக்கு, அதுவும் நஞ்சப்ப மேஸ்திரியிடம் படித்தவனுக்கு மட்டும் வரக்கூடிய வியாதி இது.

"ஆனா பூட்டுனா மேஜை நகரவே கூடாதே, கொஞ்சம் கொஞ்சம் பிசகுதே" என்றேன்.

குலேந்திரன் என் கையைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"உங்களால முழுசா இறுக்க ஏலாது அண்ணை. அரைவாசிதான் இறுகுது. நல்ல கையா இருந்திருந்தா மேஜை அசையாம நிண்டிருக்கும், முதல் நாளே பிடிச்சிருப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன், அவரும் சிரித்தார், பாண்டியம்மாள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தபோதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் கை போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது என்னைக் கேட்காமல், நடுங்கிக்கொண்டே, தான் கற்றதை ஒரு தடவைகூட மறக்காமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. என் பிழைப்பைக் கெடுத்ததும் அதுதான் என்றாலும், அன்றைக்கு அந்தக் கையின் மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது. மேஸ்திரியை நினைத்துக்கொண்டேன்.

குலேந்திரனிடம், "தப்பா சொல்லிட்டேன் தம்பி" என்றேன்.

"விடுங்கோ. வயர் எல்லாம் இப்ப புதுசா நல்ல வடிவாக் கிடக்கு, அது லாபம்தானே" என்றார்.

கைப்பிடியை அப்போதே கழற்றி எடுத்தோம். ஒரே ஒரு துண்டு வெண்கலம் மிச்சம் இருந்தது. அதைக் கட்டினேன். உள்ளங்கையால் தாடையைத் துடைத்தேன், காகிதம் ஒட்டினேன். கை வழக்கம்போல வலப்பக்கம் போய், ஒன்றுமில்லாத இடத்தைத் துழாவிவிட்டுத் திரும்பி வந்தது. இந்தத் தடவை நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குலேந்திரன் ஓடவிட்டார். வெண்கலச் சுருள் மஞ்சளாகச் சிதறிக்கொண்டே இருந்தது. பாண்டியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். மெஷின் நின்றதும் வெண்கலத் துண்டைக் கழற்றி, ஓரத்தைத் தேய்த்து, பம்புக்குள் வைத்தேன். லேசாக ஒரு அமுக்கு, போய் உட்கார்ந்துகொண்டது.

சூசை வந்து எடுத்துக்கொண்டு போனார். தடை முடிந்து படகுகள் கிளம்பின நாளில் போன் வந்தது. எஞ்சின் இரைச்சலில் அவர் பேசுவது காதில் விழவில்லை. போனைப் படகின் ஓரமாக நீட்டிப் பிடித்திருக்க வேண்டும், எஞ்சின் குடித்துவிட்டுக் கொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் சளசளவென்று கேட்டது. நான் ஒலிபெருக்கியைப் போட்டேன். பாண்டியம்மாளும் நானும் அதைப் பாட்டுக் கேட்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டோம். அவள் மதுரை வியாபாரியின் நம்பரை என் கண் முன்னாலேயே அழித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து சூசை இன்னொரு படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் கையில் துணி சுற்றிய ஒரு சாமான், அவர் படகு எஞ்சினில் உடைந்தது. இவர்தான் செஞ்சது என்று சூசை என்னைக் காட்ட, நான் ஆவலில் கையை மூடிய தோள்துண்டை விட்டுவிட்டு, அதை வாங்க வலது கையை நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. கை எல்லாருக்கும் தெரிய ஆடிக்கொண்டிருந்தது. வந்தவர் சாமானைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டு சூசையைப் பார்த்தார்.

"என்னண்ணே, கை இந்த ஆட்டம் ஆடுது?" என்றார் சூசை. அவரும் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

பழைய ஆளாக இருந்தால் இழுத்துக்கொண்டிருப்பேன். "கொஞ்ச வருஷமா அப்படித்தான் சூசை. நிக்காது" என்றேன். கையை எடுக்கவில்லை.

"இந்தக் கையாலயா எனக்கு அதச் செஞ்சு தந்தீக?"

"இந்தக் கையும் உண்டு, உள்ள ஒரு மெஷினும் உண்டு, மண்டபத்துல ஒரு தம்பியும் உண்டு."

சூசை வந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் என் கையைப் பார்த்தார். பிறகு துணியைப் பிரித்து, உடைந்த சாமானை என் உள்ளங்கையில் வைத்தார். அதுவும் சேர்ந்து ஆடியது.

"எப்ப வரட்டும்ணே?" என்று கேட்டார்.